ஒரு பிடி செய்தி

சொற்பொழிவு என்றால் தலைப்பு கனமாக இருக்க வேண்டும் என்பார்கள். இன்றைய தலைப்புக்கு இரண்டே எழுத்து: பிடி.

புதுக்கோட்டைச் செய்திகள் வருகிற எந்த நாளிதழையாவது எடுத்து மாவட்டப் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். விராலிமலையில் மாடுபிடி வீரர்கள் காளைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன்பிடிக்கப் போனவர்களை இலங்கைக் கடற்படை சிறைபிடிக்கிறது. வைக்கோல் ஏற்றிவந்த லாரி மின்கம்பியில் உரசித் தீப்பிடிக்கிறது. கோர்ட்டுக்கு வராதவருக்குப் பிடிவாரண்ட் போகிறது. கொல்லைப்புறம் புகுந்த சாரைப்பாம்பு பிடிபடுகிறது. அதைப் பிடித்த தீயணைப்பு வீரர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ‘லாவகமாக’த்தான் பிடித்திருப்பார். மாணவி முதலிடம் பிடிக்கிறார். பிரசாரம் சூடுபிடிக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள். ஆடி பிறக்குமுன் எங்கோ ஓர் அய்யனார் கோயிலில் பிடிமண் கொடுக்கிறார்கள்.

இத்தனையையும் ஒரே வினைச்சொல் சுமக்கிறது. ஐந்து விரலை மடக்கினால் கிடைப்பது பிடி. அந்த மடக்கிய கைக்குள் அடங்குவதும் பிடி. அரிவாளில் கை படுகிற இடமும் பிடி. பெண் யானைக்கும் பழைய தமிழில் பிடி என்றே பெயர். நாளிதழ்கள் அதைக் கைவிட்டுப் ‘பெண் யானை’ என்று எழுதுவதும் நல்லதே. இல்லாவிட்டால் ‘பிடி பிடிபட்டது’ என்று தலைப்புப் போட வேண்டியிருக்கும். நம்மூர் சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறதே, அதில் மீன் இருக்கிறது, யானை இருக்கிறது. பிடிக்கிறவர்தான் யாருமில்லை. இறங்கியிருக்கிறவர் பூப்பறித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழ் நாளிதழ் நடையில் இந்தச் சொல் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கியபோது, டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலுபேர் கேட்டால் புரிகிற மொழியில் செய்தி இருக்க வேண்டும் என்பதையே வழியாகக் கொண்டார். கைப்பற்றுதல், பற்றுதல், அகப்படுத்துதல் என்ற சொற்களுக்கு அங்கே வேலையில்லை. வீட்டில் புழங்குகிற ‘பிடி’க்குத்தான் வேலை. தலைப்பில் எழுத்து எண்ணிப் போடுகிற துணையாசிரியருக்கு இரண்டெழுத்துச் சொல் ஒரு வரப்பிரசாதமும்கூட.

ஆனால் எளிய சொல்லில் ஒரு சங்கதி இருக்கிறது. அது எங்கும் பொருந்திவிடுவதால், அங்கே வேறு சொல் இருந்திருக்க வேண்டும் என்பதே நமக்குத் தோன்றாமல் போகிறது. இன்று பேசவேண்டியது அதைப் பற்றித்தான். வாடிவாசலில் தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நம் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். 2019 ஜனவரியில் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை ஒரே நாளில் அவிழ்த்துவிட்டார்கள். ஆக, மாடு பிடிப்பதைப் பற்றிச் செய்தி எழுதுவதில் புதுக்கோட்டை நிருபர்களுக்கு இருக்கிற பழக்கம் வேறு மாவட்டத்தாருக்கு இருக்குமா என்பது ஐயம். மைக்கில் வர்ணனை செய்கிறவர் காளை அடங்கியதும் ‘மாடு புடிமாடு!’ என்று கத்துவார். அடங்காமல் போனால் பரிசு மாட்டுக்காரருக்கு. மறுநாள் செய்தியில் முன்னது ‘பிடிபட்ட காளை’, பின்னது ‘பிடிபடாத காளை’. பிடிபடாததற்கு அண்டாவும் சைக்கிளும் கொடுத்துப் பாராட்டுகிற ஒரே இடம் இதுதான். அதே பக்கத்தில் இரண்டு பத்தி தள்ளி, மூன்று வருடமாகப் பிடிபடாத ஒருவரைப் போலீசார் வலைவீசித் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் ‘பிடி’க்குப் போட்டியாக இரண்டு சொற்கள் வந்தன. ஒன்று ‘அடக்கு’. இன்னொன்று, கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் வழக்கிலிருந்து வந்த ‘தழுவு’. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபின் இந்தச் சொல் தேர்வு வெறும் நடை விவகாரமாக இருக்கவில்லை. அடக்குவது என்றால் வலிமையுள்ளவன் எளியதை வருத்துவதுபோல ஒலிக்கிறது. தழுவுவது என்றால் உறவு. 2017 ஜனவரியில் அந்தத் தடையை எதிர்த்து மெரினாவில் கூடியவர்களின் பதாகைகளில் ‘ஏறு தழுவுதல்’ நிறையவே தென்பட்டது. அந்த ஆண்டே ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. 2024 ஜனவரி 24-இல் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் திறந்த அரங்கத்தின் பெயரும் ஏறுதழுவுதல் அரங்கம்தான்.

அரங்கத்தின் வாசலில் தழுவுதல் என்று இருந்தாலும், உள்ளே இறங்குகிறவர் இன்றுவரை மாடுபிடி வீரர்தான். ‘ஏறு தழுவுநர்’ என்று எந்த நிருபரும் எழுதவில்லை, எழுதினால் அந்த வீரரே அது யாரோ என்று கேட்பார். இங்கே ‘பிடி’ சரியான சொல் என்பதே நம் தீர்ப்பு. விதியே அதைத்தான் சொல்கிறது: திமிலை மட்டும் பிடிக்க வேண்டும், குறித்த தூரம் வரையோ மூன்று துள்ளல் வரையோ விடாமல் பிடித்திருக்க வேண்டும். வாலைப் பிடித்தால் வெளியேற்றிவிடுவார்கள். வால்பிடிப்பவருக்குத் தண்டனை தருகிற துறையாக ஜல்லிக்கட்டு ஒன்றாவது இருப்பது ஆறுதல்.

மண்ணுக்கு வருவோம். நம் பகுதி அய்யனார் கோயில்களில் மண்குதிரை காணிக்கையாக்கும் புரவி எடுப்பு நடத்த ஊர் முடிவு செய்தால், முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்கள் கோயில் எல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு, மண் வனையும் வேளாரிடம் கொடுப்பார்கள். அந்த மண்ணை அவர் தம் களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்து குதிரை செய்யத் தொடங்குவார். ஒப்பந்தப் பத்திரமோ முன்பணச் சீட்டோ எழுதுவதில்லை. அந்தப் பிடிதான் ஒப்பந்தம். பிழைக்க வெளியூர் போனவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுபோய் அங்கே ஒரு கோயில் எழுப்புவதும் உண்டு. நாளிதழ்களில் ‘பிடிமண் கொடுக்கும் நிகழ்ச்சி நடைபெற்றது’ என்று மூன்று வரியில் இது முடிந்துவிடும். ‘ஏராளமான பக்தர்கள் கலந்துகொண்டனர்’ என்ற வரிக்குப் பதிலாக அந்த மண் என்ன ஆகிறது என்று ஒரு வரி எழுதினால் வெளியூர் வாசகருக்குப் புரியும்.

கோடையில் கண்மாய் வற்றியதும் அன்னவாசல், இலுப்பூர், பொன்னமராவதி பக்கம் ‘மீன்பிடித் திருவிழா’ என்ற தலைப்பு வாரத்துக்கு ஒன்றாவது வரும். விடிகாலையிலேயே சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஊத்தா, கச்சா, வலை, கொசுவலை, ஏன், வேட்டி சேலையோடுகூட வந்து கரையில் நிற்பார்கள். ஊர் முக்கியஸ்தர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி எல்லாம் ஊத்தாவுக்குள். கிடைத்ததை விற்கக்கூடாது, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. ஆனால் இறங்கிப் பிடிக்கிறவரைக் கேட்டால் ‘மீன்பிடித் திருவிழாவுக்குப் போறேன்’ என்று சொல்ல மாட்டார். ‘கம்மா அழியுது, வர்றியா?’ என்பார். கண்மாயை அழிப்பது என்றால் மிச்ச மீனை வழித்தெடுப்பது. பாவம், நிருபர் அதை அப்படியே ‘கண்மாய் அழிப்பு: ஆயிரக்கணக்கானோர் உற்சாகம்’ என்று போட்டிருந்தால் பொதுப்பணித் துறை ஜீப் வந்து நின்றிருக்கும். ‘மீன்பிடித் திருவிழா’ அந்த நெருக்கடியில் பிறந்த சொல்லாக இருக்கலாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊர்ச்சொல்லை ஓரிடத்திலாவது செய்திக்குள் வைக்கலாமே.

கடற்கரையிலும் இதே கதை. ஜெகதாப்பட்டினத்தில் யாரும் ‘மீன்பிடிக்கப் போயிருக்கிறார்’ என்று அன்றாடம் சொல்வதில்லை. ‘கடலுக்குப் போயிருக்காக’, ‘தொழிலுக்குப் போயிருக்காக’. வந்த மீன் ‘பாடு’. ‘இன்னைக்குப் பாடு இல்லை’ என்றால் வெறுங்கையோடு திரும்பியதாகப் பொருள். ‘மீன்பிடி தடைக்காலம்’ என்பது அரசாணைத் தமிழ். கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. அது விசைப்படகுகளுக்கான தடை. நாட்டுப்படகுகள் போய்வரும். ‘மீன்பிடிக்கத் தடை’ என்று மொட்டையாகத் தலைப்புப் போட்டால், உள்ளூர்ச் சந்தையில் மீன் வாங்குகிறவர் எல்லாம் திருட்டு மீன் வாங்குவதாக ஆகிவிடுகிறது.

இனி, இந்தச் சொல்லின் கனமான இடத்துக்கு வருவோம்.

‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி, நெடுந்தீவு அருகே மீனவர்களை இலங்கைக் கடற்படையினர் சிறைபிடித்தனர்.’ இந்த வாக்கியத்தின் எண்ணிக்கையும் தேதியும் மட்டுமே மாறும். இதில் இரண்டு சொற்கள் உழைக்கின்றன. ‘கூறி’ என்பது ஒன்று; குற்றச்சாட்டு அவர்களுடையது, நாளிதழ் அதற்குப் பொறுப்பில்லை என்று கைகழுவிக்கொள்கிறது. ‘சிறைபிடித்தனர்’ என்பது மற்றொன்று. அது போர்க்களத்துச் சொல். மன்னர்கள் பகைவரைச் சிறைபிடிப்பார்கள். சட்டம் யாரையும் சிறைபிடிப்பதில்லை, கைது செய்கிறது.

அதே இரவின் அதே சம்பவம் யாழ்ப்பாணத்து நாளிதழில் எப்படி வரும்? ‘அத்துமீறி நுழைந்த இந்திய மீனவர்கள் கைது.’ மொழி ஒன்று, எழுத்து ஒன்று, வினைச்சொல் வேறு. காரணமும் தெரிந்ததே. அங்கே ‘கடற்றொழிலாளர்’ என்று எழுதப்படுகிற வடபகுதி மீனவரின் வலையை நம் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன என்ற புகார் பழையது. 2017-இல் இலங்கை, அடிமடி இழுவையைச் சட்டம் போட்டே தடை செய்தது. இங்கே, பிடிபட்டவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். பல லட்சம் ரூபாய்ப் படகு அங்கே மயிலிட்டித் துறைமுகத்தில் மட்கிக்கொண்டிருக்கிறது. நம் நாளிதழ்கள் ‘சிறைபிடிப்பு’ என்று எழுதும்போது கரையில் நின்று எழுதுகின்றன. அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால், பிடிபட்டவர்மேல் என்ன சட்டப்பிரிவு, எந்த நீதிமன்றம், எத்தனை நாள் காவல் என்ற விவரம் வீட்டாருக்குத்தான் முதலில் தேவை. ‘சிறைபிடிப்பு’ என்ற சொல் தலைப்பில் உட்கார்ந்ததும் அந்த விவரம் கடைசிப் பத்திக்கு நகர்ந்து, இடமில்லாதபோது வெட்டுப்பட்டும் போய்விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், உள்ளூரில் நாமே தினமும் சிறைபிடிக்கிறோம். ‘அரசுப் பேருந்தைச் சிறைபிடித்த கிராம மக்கள்’, ‘மண் அள்ளிய டிப்பர் லாரி சிறைபிடிப்பு’. பஸ் நிற்காமல் போகிறது என்ற கோபத்தில் ஊர் கூடி மறித்துவிடும். டிரைவரும் கண்டக்டரும் புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், யாராவது அவர்களுக்கு மோர்கூடக் கொடுப்பார்கள். தாசில்தாரோ போலீசாரோ வந்து பேசுவார்கள். இரண்டு மணி நேரத்தில் பஸ் போய்விடும். பீரங்கிப் படகின் செயலுக்கும் இதற்கும் ஒரே வினைச்சொல்! இங்கே இது சரிதான் என்றும் வாதிடலாம்: பஸ் நிற்காததற்காகக் கைது செய்யும் அதிகாரம் மக்களுக்கு இல்லை, ‘பறிமுதல்’ செய்யும் அதிகாரமும் இல்லை. இருப்பது கை ஒன்றுதான்.

அரசியல் பக்கத்தில் இந்தச் சொல்லுக்குக் கைநிறைய வேலை. ஆட்சியைப் பிடிப்பார்கள், தொகுதியைப் பிடிப்பார்கள், காக்கா பிடிப்பார்கள், குடை பிடிப்பார்கள். கூட்டணி பற்றிக் கேட்டால் தலைவர் பிடிகொடுக்காமல் பேசுவார். இலங்கைத் தமிழ் விளையாட்டுச் செய்தியில் ‘பிடி’ என்றால் கேட்ச். அங்கே ‘பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்’ என்று மட்டையாளரைப் பற்றி எழுதுவார்கள். நம்மூர்த் தலைவர்கள் ஒருபோதும் ஆட்டமிழக்காததன் ரகசியம் அதிலிருந்து தெரிகிறது. நாம் பிடிவாரண்ட் என்று பாதி ஆங்கிலத்தில் ஒட்டுப்போட்டதை அவர்கள் ‘பிடியாணை’ என்று முழுத் தமிழிலேயே எழுதுகிறார்கள். எடுத்துக்கொள்ளத்தக்க சொல்.

ஒற்றுப்பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘விதிமுறைகளை கடைபிடிக்க கலெக்டர் அறிவுறுத்தல்’ என்று வருகிறதே, அதன்படி நடந்தால் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஆளுக்கு ஒரு கடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைப்பிடித்தல் என்பதற்கு, கடைசிவரை விடாமல் பற்றுதல் என்று பொருள். நடுவில் ‘ப்’ வேண்டும். திருக்குறளில் மருந்து அதிகாரத்து 944-ஆம் குறளில் இந்தச் சொல் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் செய்திக்குறிப்பில் இருந்தது என்பது சாக்காகாது.

‘தீப்பிடித்தது’ என்பது ‘பிடி’யின் மிக நேர்மையான பயன்பாடுகளில் ஒன்று. வைத்தவர் யார், மின்கசிவா, அடுப்பா என்று தெரியாத நேரத்தில் தீ பிடித்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாததாகவே வைக்கிற வாக்கியம் அது.

அதே அடக்கம் ‘பிடித்து விசாரணை’ என்பதில் இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மாலை ஏழு மணி. நிருபர் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார். செயின் பறிப்பு என்ன ஆச்சு என்று கேட்கிறார். ‘ஒருத்தனைப் புடிச்சு விசாரிச்சுக்கிட்டிருக்கோம் சார், பேர் போட்ராதீங்க’ என்று பதில் வருகிறது. மறுநாள்: ‘இதுதொடர்பாக வாலிபர் ஒருவரைப் பிடித்து போலீசார் விசாரணை நடத்தி வருகின்றனர்.’ படிக்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார். யாருக்கும் எந்தக் கேள்வியும் எழுவதில்லை, ஏனென்றால் சொல் அவ்வளவு பழகியது.

அந்த வாலிபர் கைதானவரா? இல்லை, அப்படி எழுதவில்லை. வீட்டுக்குப் போகலாமா? முடியாது, பிடித்திருக்கிறார்கள். சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை கிடையாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அந்த 24 மணி நேரத்தை வைத்திருக்கிறது. ‘கைது’ என்ற சொல்லை எழுதிய நிமிடமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ‘பிடித்து விசாரணை’க்குக் கடிகாரமே இல்லை.

ஒரு சொல்லாராய்ச்சிச் செய்தி. ‘கைது’ என்பதில் கை இருப்பதுபோலத் தோன்றும். இல்லை. அது அரபு மூலம் கொண்டு உருது வழியாக வந்த ‘கைத்’ என்ற சொல், சிறை என்று பொருள். ஜாமீனும் அப்படி வந்த கோர்ட்டுக் கச்சேரித் தமிழ்தான். கை உண்மையிலேயே இருப்பது ‘பிடி’யில். லஞ்ச ஒழிப்புச் செய்தியில் இரண்டும் அடுத்தடுத்து வருவதைப் பாருங்கள்: ரசாயனப் பொடி தடவிய நோட்டை வாங்கியவரை ‘கையும் களவுமாகப் பிடித்து, கைது செய்தனர்’. முதலில் பிடி, உடனே கைது. அரசு அலுவலருக்கு அந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. செயின் பறிப்பில் சந்தேகப்பட்ட கூலிக்கார வாலிபருக்கு முதல் சொல் திங்கட்கிழமை நாளிதழிலும், இரண்டாவது சொல் புதன்கிழமை நாளிதழிலும் வருகிறது. புதன்கிழமைச் செய்தியில் ‘நேற்று கைது செய்தனர்’ என்று இருக்கும். இரண்டு நறுக்குகளையும் பக்கத்தில் வைத்தால், நடுவில் போன இரவுகளை யாரும் எண்ணலாம். தாம் அறியாமலே நிருபர் ஒரு சாட்சியம் எழுதிவைத்திருக்கிறார்.

2025 ஜூனில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்கு என்று அழைத்துப்போன கோயில் காவலாளி போலீஸ் பிடியில் உயிரிழந்தார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அவரைப் பற்றிய வாக்கியமும் முதலில் ‘விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்’ என்றுதான் தொடங்கியிருக்கும். ‘போலீஸ் பிடி’ என்று நாம் சாதாரணமாக எழுதுவதற்குச் சட்டம் வைத்திருக்கிற பெயர் காவல். காவல் என்றால் காப்பது.

அதற்காக ‘பிடி’யை நாளிதழிலிருந்து துரத்தச் சொல்லவில்லை. மாடு, மீன், பாம்பு, முதலிடம், மண் எல்லாம் அதனிடமே இருக்கட்டும். மனிதரைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு வேண்டுகோள். திருக்கோகர்ணத்து ஞானாலயா நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும், மூன்று வரிச் செய்தியும் ஐம்பது வருடம் கழித்து ஆவணமாகிவிடுகிறது. ஆகவே நிருபர் நண்பர்களே, இன்று மாலை ஸ்டேஷனுக்குப் போன் போடும்போது, ‘பிடிச்சு வச்சிருக்கோம்’ என்று பதில் வந்தால் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு? சொன்னால் அந்த நேரத்தை எழுதுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்ததை எழுதுங்கள்.